எண்ணெய்க் கறை படிந்த பொக்கிஷம்

போகிப் பண்டிகை வருகிறது என்றால் எல்லோருக்கும் வீடு சுத்தம் செய்கிற ஞாபகம் வரும். எனக்கு 1991-ம் வருஷம் ஞாபகத்துக்கு வரும். அந்த வருஷம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு என்னவோ செய்கிறது.

நாங்கள் லண்டனுக்குக் குடிபோய் அப்போது பதினாறு வருஷம் ஆகியிருந்தது. இவருக்கு அங்கே ஓர் அச்சகத்தில் வேலை. எங்கள் வீடு சின்ன வீடு. அதில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவை இவருடைய காகிதங்கள்!

எல்லாம் ஒரே ஒரு மனிதரைப் பற்றிய காகிதங்கள். லென் டெய்ட்டன் என்ற ஆங்கில எழுத்தாளர். உளவுக் கதைகள் எழுதிப் பெயர் வாங்கியவர். இவர் கல்யாணத்துக்கு முன்னால் சென்னை மூர் மார்க்கெட்டில், பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரு ரூபாய் கொடுத்து அவருடைய 'தி இப்க்ரஸ் ஃபைல்' நாவலை வாங்கினாராம். 1962-ல் வந்த புத்தகம் அது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், கப்பலோடு... இல்லை, விமானத்தோடு லண்டனுக்கும் வந்துவிட்டது.

கதைப் புத்தகங்களோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. அந்த எழுத்தாளர் நாவல் எழுதுவதற்கு முன்னால் படம் வரைகிறவராக இருந்தார் என்பது இவருக்குத் தெரிந்துபோயிற்று. அவ்வளவுதான், வினை ஆரம்பித்தது!

டெய்ட்டன் 1929-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா கார் ஓட்டுகிறவர், மெக்கானிக். அம்மா சமையல் வேலைக்குப் போகிறவர். பையன் ஓவியக் கல்லூரியில் படித்து, ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் 1955-ல் படிப்பை முடித்தார். பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் படம் போட்டார். புத்தகங்களுக்கு அட்டைப்படம் போட்டார். அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரோவாக்கின் 'ஆன் தி ரோடு' 1958-ல் இங்கிலாந்தில் முதன்முதலாக வெளியானபோது அதற்கு அட்டை வரைந்தவர் இவர்தான். நடுவிலே கொஞ்ச காலம் விமானத்தில் பணியாளராகவும் இருந்திருக்கிறார்.

இப்படி எழுதுவதற்கு முன்னால் அவர் வரைந்தவை எல்லாம் எங்கெங்கோ சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடுவதுதான் இவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. வாட்டர்லூ பாலத்துக்கு அடியில் பழைய புத்தகம் விற்பார்கள். அங்கே போய் ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, பின்பக்க அட்டையின் உள் மடிப்பைப் பார்ப்பார். அட்டை வரைந்தவர் பெயரை அங்கேதான் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் பக்கத்தில் குளிரில் நின்று கால் மாற்றிக்கொண்டிருப்பேன்.

"என்னங்க, கதை என்னன்னுகூடப் பார்க்காம மடிப்பையே பார்க்கிறீங்களே?"

"கதை எனக்கு வேண்டாம். யார் கைன்னு பார்க்கிறேன்."

எல்லாவற்றிலும் கிடைப்பதற்கு அரிது எது தெரியுமோ? சமையல் குறிப்பு! ஆமாம், நம் சமாசாரம்தான்!

டெய்ட்டனுக்குச் சமையலில் ரொம்ப ஆசை. விலை கொடுத்து வாங்கிய சமையல் புத்தகங்களை அடுப்படிக்கு எடுத்துப்போனால் எண்ணெயும் மாவும் படுமே என்று, குறிப்புகளைத் தனிக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவாராம். படக்காரர் இல்லையா? எழுதுவதைவிட வரைவது அவருக்குச் சுலபம். இத்தனை வெங்காயம், இப்படி நறுக்கு, இந்தப் பாத்திரம், இத்தனை நிமிஷம் என்று கட்டம் போட்டு வரைந்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த நண்பர் ரேமண்ட் ஹாக்கி, பத்திரிகை வடிவமைப்பில் பெரிய கை. 'இதைப் பத்திரிகையில் போடலாமே' என்று தூண்டினார். 1961-ல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் வந்தது. 1962 மார்ச்சிலிருந்து 1966 வரை 'அப்சர்வர்' என்ற ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் தொடர்ந்து வந்தது. 'குக் ஸ்ட்ரிப்' என்று பெயர். நம் பத்திரிகைகளில் படக்கதை வருமே, அந்த மாதிரி படச் சமையல்.

1965-ல் அவற்றில் பலவற்றைத் தொகுத்துப் புத்தகமாகவும் போட்டார்கள். அதே வருஷம் 'தி இப்க்ரஸ் ஃபைல்' சினிமாவாக வந்தது. மைக்கேல் கெய்ன் உளவாளியாக நடித்தார். அந்த உளவாளி வீட்டில் சமைப்பவன். அவன் அடுப்படிச் சுவரில் இந்தப் படச் சமையல் பக்கம் ஒட்டியிருக்கும். அவன் முட்டை உடைக்கிற காட்சியில் தெரிகிற கை டெய்ட்டனுடையதுதான் என்று இவர் யார் வந்தாலும் சொல்லுவார்.

"புத்தகமாத்தான் வந்தாச்சே, அப்புறம் எதுக்குப் பழைய பேப்பரைத் தேடணும்?" என்று கேட்டேன்.

"புத்தகம் பத்திரமா இருக்கும். பேப்பர் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வரும், திங்கட்கிழமை குப்பைக்குப் போகும். வெட்டி வச்சவங்களும் அடுப்படியிலே ஒட்டி, கறை பட்டதும் கிழிச்சுப் போட்டிருப்பாங்க. அதனாலேதான் இல்லே" என்றார்.

நாங்கள் சைவம். அந்தப் படங்களில் பாதிக்கு மேல் மாட்டிறைச்சியும் கோழியும். 'சாப்பிடாத பண்டத்தின் படத்துக்கு இத்தனை காசா?' என்று நான் முணுமுணுக்காத நாள் கிடையாது.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, அச்சாபீஸில் கொடுத்து பைண்டு செய்து வைப்பாள். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டே! கதையின் நடுநடுவே விளம்பரங்கள், துணுக்குகள். ஓரங்களில் அம்மாவின் பென்சில் எழுத்து. பால் கணக்கு, ஊறுகாய்க்கு உப்பு அளவு, என் தம்பிக்கு ஜுரம் வந்த தேதி எல்லாம் இருக்கும். அம்மா காலமான பிறகு, வீட்டை ஒழித்தபோது அத்தனையையும் எடை போட்டுப் பழைய பேப்பர்காரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் லண்டனிலிருந்து வந்து கேட்கிறேன், அலமாரி காலி. 'பழைய புத்தகம்தானே' என்றார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அப்படி அழுதவளே அந்தத் தப்பைச் செய்தேன் என்றால் நம்புவீர்களா?

1991 போகி. அங்கே பழசைத் தெருவில் போட்டுக் கொளுத்த முடியாது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பழைய பேப்பர் சேகரித்துக்கொண்டு போனார்கள். ஹாலில் கட்டி வைத்திருந்த கட்டுகளை வாசலில் வைத்தேன். மாடிப்படிக்கு அடியில் இன்னொரு கட்டு இருந்தது. அதையும் தூக்கி வைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார்.

"இங்கே ஒரு கட்டு இருந்ததே?"

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

அதில் பதினொரு 'அப்சர்வர்' பக்கங்கள் இருந்திருக்கின்றன. மூன்று வருஷத் தேடல். கூடவே 'ஆர்க்' பத்திரிகையின் ஓர் இதழ். ராயல் காலேஜ் மாணவர்கள் 1950-லிருந்து நடத்திவந்த பத்திரிகை அது. டெய்ட்டன் மாணவராக இருந்த காலத்தில் அதில் பங்கெடுத்தவர். மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

இவர் திட்டியிருந்தால் தேவலை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. "போகட்டும், விடு. பேப்பர்தானே" என்றார். அம்மா அலமாரி முன்னால் நான் கேட்ட அதே வார்த்தை! அன்றைக்குப் பொங்கல் வைத்தேன், சாப்பிட்டோம். ஆனால் அதற்கப்புறம் இவர் வாட்டர்லூ பாலத்துப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவார். அது எனக்கு எத்தனை பெரிய தண்டனை என்று இவருக்குத் தெரிந்திருக்குமோ, என்னவோ!

ஒரு நாள் தீர்மானித்தேன். நான் தொலைத்தேன், நானே தேடுகிறேன் என்று. இவருக்குத் தெரியாமல்தான்!

என்னத்தைச் சொல்ல, உளவாளி ஆகிவிட்டேன்! காய்கறி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, காலிண்டேல் என்ற இடத்திலிருந்த பத்திரிகை நூலகத்துக்குப் போனேன். பிரிட்டிஷ் நூலகத்தின் செய்தித்தாள் பகுதி அங்கே இருந்தது. 2013-ல் அதை மூடி, பத்திரிகைகளை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே பத்திரிகைகளைப் படச்சுருளில் போட்டுப் பார்த்தேன். எந்த எந்தத் தேதியில் குக் ஸ்ட்ரிப் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்போதுதான் அவற்றை முதன்முறையாக நிதானமாகப் பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். வீட்டில் இருந்தவரை நான் ஒன்றையும் முழுசாகப் பார்த்ததில்லை!

பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியம். வளவளப்பே கிடையாது. கத்தி, கரண்டி, பாத்திரம், கைகள். தடித்த கோடு, தடித்த எழுத்து. அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியும். மாவுக் கையோடு பக்கம் திருப்ப வேண்டாம். 'கொஞ்சம்', 'தேவையான அளவு' என்று மழுப்பல் இல்லை. அடுப்படியில் நிஜமாகவே நின்றவர் வரைந்தது என்று எனக்குப் பட்டது. அவர் அம்மா சமையல்காரர் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மாள் விருந்து சமைக்கப் போன வீடுகளில் ஒன்று அன்னா வோல்கோஃப் என்ற ரஷ்ய வம்சாவளிப் பெண்மணியுடையது. 1940-ல் யுத்த சமயத்தில் அந்தப் பெண்மணியை எதிரிக்கு உதவியதாகக் கைது செய்தார்கள். பதினொரு வயதுப் பையன் டெய்ட்டன் அதைக் கண்ணால் பார்த்தான். தனக்கு உளவுக் கதையில் நாட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். அடுப்படியும் உளவும் அவர் வாழ்க்கையில் சின்ன வயசிலேயே சேர்ந்துவிட்டன பாருங்கள்!

தேடலில் ஐந்து வருஷம் ஓடிற்று. பழைய புத்தகக் கடை, தர்மக் கடை, சர்ச் ஹாலில் நடக்கும் பழைய சாமான் விற்பனை என்று ஒன்று விடவில்லை. வியாபாரிகளிடம் இருந்தால் அவர்கள் சொல்கிற விலையைக் கேட்டுவிட்டு, 'அப்புறம் வருகிறேன்' என்று திரும்பிவிடுவேன். பழைய சமையல் புத்தகங்களை மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். பெண்கள் காகிதத்தை எங்கே செருகி வைப்பார்கள் என்று இன்னொரு பெண்ணுக்குத் தெரியாதா?

அது வீண்போகவில்லை. 1996-ல் ஒரு சர்ச் ஹாலில் ஐம்பது பென்ஸுக்கு ஒரு கிழிந்த சமையல் புத்தகம் எடுத்தேன். நடுவில் நாலாக மடித்த செய்தித்தாள். பிரித்தேன். தடித்த கோடு, தடித்த எழுத்து, கட்டங்கள்! வெங்காய சூப். நாலு மூலையிலும் குண்டூசி ஓட்டை. நடுவில் பெரிய வெண்ணெய்க் கறை. ஓரத்தில் யாரோ ஒரு அம்மாள் பென்சிலால், 'தீயைக் குறைக்கவும்' என்று எழுதியிருந்தாள்.

எனக்குக் கை நடுங்கிற்று. டெய்ட்டனை மறந்துவிட்டேன். அந்தப் பென்சில் எழுத்தில் என் அம்மாவைத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து இவர் மடியில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கறை, ஓட்டை, கிறுக்கல்... வியாபாரிகிட்டே இதுக்கு மதிப்பே இல்லைன்னு சொல்லிடுவான்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆனா என்கிட்டே இருந்த பதினொண்ணும் சுத்தமா இருந்தது. அதுலே ஒண்ணைக்கூட யாரும் சமைச்சுப் பார்த்ததில்லே. இது அடுப்படியிலே வேலை செஞ்ச பேப்பர்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு, "வர்றியா, பாலத்துக்குப் போவோம்?" என்று கூப்பிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த 'ஆர்க்' இதழ் மட்டும் இன்று வரை கிடைக்கவில்லை. அது போனது போனதுதான்.

மறுவருஷம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆயிற்று. ஆறு வாரம் கனமான பாத்திரம் தூக்கக் கூடாது, ஓய்வாக இருக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. இவருக்கோ காபி டிகாக்ஷன்கூட இறக்கத் தெரியாது! வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அடுப்படியில் வெங்காய வாசனை. மெள்ள எழுந்து போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகல் எடுத்து, சுவரில் ஒட்டி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்! மாமிசச் சாறு ஊற்ற வேண்டிய இடத்தில் பருப்புத் தண்ணீர். தீயைக் குறைத்து வைத்திருந்தார்.

"ஓரத்திலே ஒரு அம்மா சொல்லியிருக்காங்களே, கேட்க வேண்டாமா?"

அந்த சூப் ருசியாக இருந்ததா என்று கேட்காதீர்கள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்!

பழைய பேப்பர்களைப் பாதுகாக்க இவரிடம் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். செய்தித்தாள் மரக்கூழில் செய்வது. அதில் இருக்கிற பொருள் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகி, நாளாக ஆகப் புளிப்புத்தன்மை ஏறிப் பொடிந்துவிடும். ஆகவே வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் மடிக்காமல் படுக்கை வசமாக வையுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. அந்தப் பசை சில வருஷத்தில் பழுப்பாகிக் காகிதத்தைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் உறை வைத்து உருக்கி ஒட்டுகிறார்களே, அதுவும் வேண்டாம், திரும்ப எடுக்க முடியாது. இரும்பு குண்டூசி, கிளிப் எல்லாம் துருப்பிடிக்கும், எடுத்துவிடுங்கள். அமிலம் இல்லாத காகித உறை என்று கேட்டால் கடைகளில் கிடைக்கும். அடுப்படியில் ஒட்ட வேண்டுமானால் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

1998-ல் எங்கள் பையன் வெளியூரில் கல்லூரிக்குப் போனான். ரசம் வைக்கத் தெரிய வேண்டுமே! நான் சொல்லச் சொல்ல, இவர் ஆறு கட்டம் போட்டு வரைந்தார். புளி எலுமிச்சங்காய் அளவு என்றால் அந்த அளவுக்கே ஒரு வட்டம். மிளகு எத்தனை என்றால் எண்ணிப் புள்ளி. பொங்கி வருகையில் இறக்கு என்பதற்கு நுரை கட்டின பாத்திரம். ஓரத்தில் நான் எழுதினேன்: 'கொதிக்க விடாதே'.

போன வருஷம் பையன் வீட்டுக்குப் போயிருந்தோம். அவனுக்கே இப்போது கல்லூரிக்குப் போகிற வயதில் பெண் இருக்கிறாள். அடுப்படிச் சுவரில் அந்த ரசம்! மஞ்சள் கறை, புளிக் கறை, ஒரு மூலை கிழிந்தே போயிருக்கிறது. இவர் கிட்டே போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஏண்டா, இதைக் குடு. உறையிலே போட்டுப் பத்திரமா வைக்கிறேன்" என்றேன்.

"வேண்டாம்மா. இது எனக்கு இங்கேயே இருக்கட்டும். தினம் பார்க்கிறேன்" என்றான்.

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சகோதரிகளே, போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டி வைத்த கட்டை எடைக்குப் போடுவதற்கு முன்னால் கயிற்றை அவிழ்த்து ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். யார் கை எழுத்து உள்ளே இருக்கிறதோ, யார் கண்டது?